எட்டாவது கேள்வி

அத்தியாயம் பதினொன்று

இந்தக் கதையை இன்றுதான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, மாலை நேர முடி அலங்கார வகுப்பின் செய்முறைத் தேர்வில் நான் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றவள். இரண்டு, அம்மாவும் சித்தியும் பதினோரு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

நான் தோற்றது வெட்டத் தெரியாமல் அல்ல. அளந்து, மறுபடி அளந்து, சந்தேகம் வந்து மூன்றாவது தடவையும் அளப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வகுப்பில் எனக்கு 'ஸ்கேல்' என்று பெயர். இந்த முறையும் தோற்றால் அடுத்த வருடம்தான் எழுத முடியும். எனக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும் அழகு நிலையத்து அக்கா அதுவரை காத்திருக்க மாட்டாள். அதை அவள் சிரித்துக்கொண்டே, ஆனால் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

அம்மாவும் சித்தியும் பேசாமல் போனதற்குக் காரணம் ஒரு மாடிப்படி. சித்தி மேல் படியில் நின்றாள், அம்மா நாலு படி கீழே. அங்கிருந்து பார்த்தால் ஒருவருடைய உச்சந்தலை நன்றாகத் தெரியும்.

"அக்கா, உச்சியில மண்டை தெரியுது. பேசாம என்னை மாதிரி குட்டையா வெட்டிக்கோ."

சித்தி பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஹாரன் அடிப்பது போலத்தான் பேசுவாள். அம்மா கீழே இறங்கினாள். பையை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், கிளம்பிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மாடலாக வருவதாக இருந்த தையல்கார அக்கா கடைசி நேரத்தில் காலை வாரியதையும், "நான் வர்றேன்டி, என் தலை சும்மாதானே இருக்கு" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்ததையும் போன அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். இன்று புதன்கிழமை. மாலை ஐந்தரைக்குத் தேர்வு.

நாலே காலுக்கு நான் அம்மா வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் போனேன். அம்மா பதிவுச் சீட்டு கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் முகத்தின் உயரத்துக்கு ஒரு வட்டத் துளை. அதன் வழியாக மனிதர்கள் தங்கள் பெயரையும் வயதையும் எங்கே வலிக்கிறது என்பதையும் சொல்வார்கள். காலை ஏழு மணியிலிருந்து அம்மா அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"வயசு?"

"எழுதுங்க பெரியம்மா, நாப்பத்தாறு."

பெரியம்மா என்று சொன்னவர் வழுக்கை. அம்மா நாற்பத்தாறு என்று தட்டினாள். அம்மாவுக்கு நாற்பத்தொன்பது.

பக்கத்து கவுண்டர் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க பொண்ணு வந்தாச்சு. இன்னிக்கு உங்களுக்கு மேக்கப்பா?" என்றாள்.

"மேக்கப் இல்ல. பரீட்சை. நான்தான் கேள்வித்தாள்" என்றாள் அம்மா.

எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் மேசையில் ஊன்றித்தான் எழுந்தாள். பின்னால் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. இறுக்கமான, ஒரு முடி வெளியே நீட்டாத பின்னல். நான் பிறந்ததிலிருந்து அதே பின்னல்தான்.

பேருந்தில் ஜன்னல் சீட் கிடைத்தது. உட்கார்வதற்கு முன் அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னலைப் பிடித்துத் தோளின் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அப்படிப் போடாமல் சாய்ந்தால் முடி சீட்டில் மாட்டிக்கொண்டு தலையை இழுக்கும். நாற்காலி, பேருந்து, பல் டாக்டர் எங்கே சாய்ந்தாலும் முதலில் அந்தக் கை பின்னால் போய்விட்டு வரும்.

நான் கார்டை எடுத்து நீட்டினேன். "அம்மா, இதுல ஒரு கையெழுத்து போடணும்."

கார்டு என்பது வாடிக்கையாளர் அட்டை. அதில் எட்டுக் கேள்விகள். கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்னால் எட்டையும் எதிரே இருப்பவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். பயிற்சிக்கு வந்த பதினேழு பேரிடமும் நான் அப்படித்தான் செய்தேன். ஒருத்தி கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டாள்; ஆறாவது கேள்வி என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பது.

அம்மாவின் கார்டை மட்டும் திங்கட்கிழமை வகுப்பிலிருந்து திரும்பும்போது பேருந்திலேயே நிரப்பிவிட்டேன். எட்டையும் நானேதான் நிரப்பினேன். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிற தலை, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நாலாவது கேள்வி, கடந்த ஐந்து வருடத்தில் சாயமோ வேறு ரசாயனமோ போட்டதுண்டா. 'இல்லை' என்று எழுதினேன். அம்மாவின் முடி கறுப்பு. காதோரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் நாலைந்து நரை. முப்பத்து மூன்று வயதிலேயே முழுக்க நரைத்த சித்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கு எதுவும் போடணும்னு அவசியமே வரலை" என்று அம்மா சொல்லாத விசேஷ வீடு கிடையாது.

எட்டாவது கேள்வி, உங்கள் முடி எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். 'இப்போது இருப்பது போலவே, நீளமாக, கறுப்பாக' என்று எழுதியிருந்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கட்டை விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. நாலாவது வரியில் நின்றது. பிறகு மறுபடி இறங்கியது.

"எல்லாம் நீயே எழுதிட்டியா?"

"உனக்கு வேலை மிச்சம்னுதான்மா."

"சரி."

கையெழுத்துப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்தேன். இன்று அவள் முந்நூறு பேருக்காவது சீட்டு கொடுத்திருப்பாள்.

வகுப்பறை வாசலில் பெஞ்சில் சித்தி உட்கார்ந்திருந்தாள். காதை மூடும் தொப்பி போட்டிருந்தாள். வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மா நின்றுவிட்டாள். "இவ எதுக்கு வந்தா?"

இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பயந்துகொண்டு கடைசி வரை தள்ளிப்போட்டேன். "ஒவ்வொருத்தரும் இன்னொரு மாடலையும் கூட்டிட்டு வரணும்மா. ரிசர்வ். ஏதாவது ஆனா மட்டும்தான். அவங்க சும்மா உட்கார்ந்திருப்பாங்க."

"சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்லு உங்க சித்தியை. வாயை மட்டும் திறக்க வேணாம்னு சொல்லு."

"நான் எதுக்கு வாயைத் திறக்கறேன்னு கேளு உங்க அம்மாவை" என்றாள் சித்தி. "இந்த வாய் அதோட கோட்டாவை அன்னிக்கு மாடிப்படியிலேயே முடிச்சிடுச்சு."

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளே எட்டு நாற்காலி, எட்டு கண்ணாடி. எங்கள் வகுப்பையும் தேர்வையும் நடத்தும் மேடம் சுவரில் இருந்த கடிகாரத்தைக் கையால் தொட்டுக் காட்டினாள். தொண்ணூறு நிமிடம்.

என் திட்டம் எளிமையானது. நீளத்தைத் தொடாமல் நுனியை மட்டும் இரண்டு அங்குலம் சீராக்குவது, காதோர நரையில் மெல்லிய பழுப்புச் சாயம் கொடுத்து மற்ற முடியோடு கலக்க வைப்பது, பிறகு பராமரிப்பு எப்படி என்று மாடலுக்கு விளக்குவது. ஒத்திகையில் எழுபத்தெட்டு நிமிடத்தில் முடித்திருந்தேன். பன்னிரண்டு நிமிடம் கையில் இருக்கும்.

அம்மாவின் பின்னலை அவிழ்த்தேன். அவிழ்த்த முடியை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை. நெற்றியோரம் இரண்டு பக்கமும் முடி பின்வாங்கியிருந்தது. முப்பது வருடமாக ஒரே பக்கம் இழுத்துக் கட்டிய இழுப்பு. நடு வகிடு ஒரு கோடாக இல்லை, ஒரு பாதையாக இருந்தது. மாடிப்படியில் சித்தி பார்த்தது இதைத்தான்.

சாயம் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. பிடரியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொஞ்சம் முடி நறுக்கி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பெராக்சைடும் சில சொட்டு அம்மோனியாவும் விட்டு அதில் போட்டுப் பார்க்க வேண்டும். தலையில் ஏற்கெனவே உலோக உப்பு கலந்த மலிவுச் சாயம் ஏதாவது இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். கார்டில் நாலாவது கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தால் இந்தச் சோதனை தேவையில்லை.

நான் கிண்ணத்தை எடுத்தேன்.

பக்கத்து நாற்காலிக்காரி தன் மாடலின் தலையில் பாதி வேலையை முடித்திருந்தாள். வகுப்பில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். "ஏய் ஸ்கேல், உங்கம்மா தலைதானே? அதுக்கும் டெஸ்டா? அப்புறம் ரத்தப் பரிசோதனையும் எடுப்பியா?"

"பழக்கம்" என்றேன்.

முடியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சீப்புகளை அடுக்கத் தொடங்கினேன். இரண்டாவது சீப்பை வைப்பதற்குள் சோடா பாட்டிலைத் திறந்தது போல ஒரு சத்தம். கிண்ணத்தில் நுரை. கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது.

யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடியில் அம்மா மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒரு பழைய டூத் பிரஷ் இருக்கும். அதன் நார்கள் கறுத்துப்போயிருக்கும். குழாய் தேய்க்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து இத்தனை வருடம் நானும் அதை எடுத்துக் குழாய் தேய்த்திருக்கிறேன்.

"அம்மா."

"ம்."

"எத்தனை நாளா?"

அம்மா கண்ணாடியில் இருந்த என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். "பன்னெண்டு வருஷம். வியாழக்கிழமை வியாழக்கிழமை. நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி."

"நரை இருக்கே, காதுகிட்ட?"

"அது நானா விட்டு வைக்கறது. எல்லாத்தையும் கறுப்பாக்கினா எவ நம்புவா?"

பேசாமல் திட்டப்படி செய்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். பிறகு கிண்ணத்தின் சூடு இன்னும் விரலில் இருப்பது தெரிந்தது. அதே சூடு அம்மாவின் தலையில் ஏறியிருந்தால் மிச்சம் இருக்கும் முடியும் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்திருக்கும். கையைத் தூக்கினேன்.

மேடம் வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள், முகர்ந்தாள், கார்டை எடுத்து நாலாவது வரியைப் படித்தாள். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தத் தலையில கலர் கிடையாது. கார்டு விஷயத்தை அப்புறம் பேசலாம். இப்ப ரெண்டு வழி. ரிசர்வ் மாடலை உட்கார வை, இல்லன்னா திட்டத்தை மாத்து. கடிகாரத்தை நிறுத்த மாட்டேன்."

அறுபத்தொரு நிமிடம் இருந்தது.

சித்தியின் தலையை எனக்கு நன்றாகத் தெரியும். நரைத்த, அடர்த்தியான, எந்த மருந்தும் சாயமும் தொடாத முடி. போன வாரம் பார்த்தபோது காதுக்குக் கீழே இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது. அதை வைத்து அழகாக ஒரு வெட்டு வெட்டலாம். நாற்பது நிமிடம் போதும். ஆனால் அதற்கு அம்மா எழுந்து, முடியை முடிந்துகொண்டு, இத்தனை பேர் நடுவில் அந்த நாற்காலியைத் தன் தங்கைக்கு விட்டுவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார வேண்டும்.

அம்மா நான் கேட்பதற்கு முன்னாலேயே நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றினாள். "அவளைக் கூப்பிடு. நீ பாஸாகணும்."

கதவைத் திறந்து சித்தியைக் கூப்பிட்டேன். சித்தி எழுந்தாள். எழுந்தவள் அங்கேயே நின்றாள்.

"கூப்பிடவா போறீங்கன்னு நினைச்சேன்டி."

"சித்தி?"

தொப்பியைக் கழற்றினாள். தலை முழுக்க அரை அங்குலம்கூட இல்லை.

"நேத்து ரொம்பப் புழுக்கமா இருந்துச்சு. ரிசர்வ்தானேன்னு..."

மேடம் சித்தியின் தலையைச் சுற்றிவந்து பார்த்தாள். "இதுல வெட்டறதுக்கு என்னம்மா இருக்கு? தூசி தட்டலாம்." எக்ஸ்பிரஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய மாடல் பொத்திக்கொள்ளாமலே சிரித்தாள்.

அம்மாவும் சிரித்தாள். பதினோரு நாளில் சித்தியைப் பார்த்து முதல் சிரிப்பு. சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அப்படியே மறுபடி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். சித்தி பக்கத்தில் வந்து நின்று கிண்ணத்தில் இருந்த நுரையைப் பார்த்தாள்.

"என்னது இது?"

"என் தலை" என்றாள் அம்மா.

"அப்படின்னா?"

"சாயப் பொடி போடறேன். பன்னெண்டு வருஷமா."

சித்தி அம்மாவின் முடியில் ஒரு கற்றையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "இது தெரியாம பன்னெண்டு வருஷமா உன்னைப் பார்த்து வயிறெரிஞ்சிருக்கேன்" என்றாள். "ஒரே வயித்துல பொறந்துட்டு எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு."

"உனக்கு நரைச்சப்போ, ரெண்டு பேரும் சேர்ந்து போனா உன்னைத்தான் அக்கான்னு நினைப்பாங்க. ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? பஸ்ல எழுந்து எனக்கு இடம் குடுப்பாங்க."

"எனக்கு அது பிடிச்சிருந்துச்சு" என்றாள் அம்மா. "முதல் நரை வந்தப்போ அதை விட மனசில்லை. அப்புறம் நிறுத்த வழி தெரியலை. நிறுத்தினா எல்லாம் ஒரே மாசத்துல வெளிய வந்துடும்ல? நாலரை மணிக்கு எழுந்து எழுந்து, சத்தியமா சொல்றேன், எனக்கு அலுத்துப்போச்சு."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்து நாலு.

"அம்மா, நுனி மட்டும் வெட்டினா மார்க் கிடைக்காது. கலரும் இல்லாம அது வெட்டே இல்ல. முழுசா வெட்டணும்."

"எவ்வளவு?"

சீப்பின் முனையால் கழுத்துக்கு மேலே, தாடைக்குக் கொஞ்சம் கீழே தொட்டுக் காட்டினேன். அம்மா அந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"பின்ன முடியாதே."

"பின்னவே கூடாதும்மா. இழுத்து இழுத்துத்தான் நெத்தியோரம் போயிருக்கு. நடு வகிடு வேணாம், பக்கத்துல எடுத்துக்கலாம். முன்னாடி கொஞ்சம் அடுக்கடுக்கா விட்டா போன இடம் தெரியாது. உச்சியும் அவ்வளவு தெரியாது. பாரம் இறங்கினா முடி கொஞ்சம் எழும்பி நிக்கும்."

"கவுண்டர்ல சிரிப்பாங்க."

"கவுண்டர்ல உன்னைக் கண்ணாடிக்குள்ள உட்கார வெச்சிருக்காங்க அக்கா" என்றாள் சித்தி. "துளை வழியா மூக்கு மட்டும்தான் தெரியும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். "வெட்டு" என்றாள். "யோசிக்க விடாதே. சீக்கிரம் வெட்டு. எனக்குக் கழுத்து வலிக்குது. ரொம்ப நாளா வலிக்குது."

முடியைத் தளர்வாக ஒரே கட்டாகக் கட்டி, அளந்தேன். ஒரே ஒரு தடவை. கத்தரிக்கோல் முதல் கடியிலேயே அத்தனையையும் எடுக்கவில்லை. ஈரக் கயிற்றை அறுப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. கடைசி இழை விட்டதும் கட்டு என் கையில் வந்து தொங்கியது. அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். சித்தி கையை நீட்டினாள். அதை வாங்கித் தன் தொப்பிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. பிடரியிலிருந்து மேலே, இடமிருந்து வலம், ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, விரலிடுக்கில் பிடித்து வெட்டிக்கொண்டே போனேன். வெட்டிக்கொண்டே பராமரிப்பும் சொன்னேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "துண்டை வெச்சு முறுக்காதே, ஒத்தி எடு. ஈரமா இருக்கறப்போ பெரிய பல் சீப்புதான். பொடியை இன்னியோட நிறுத்து. கறுப்பு முழுசா வெட்டிப் போற வரைக்கும் வேற எந்தக் கலரும் கூடாது, ஒரு வருஷம்கூட ஆகலாம். அது வரைக்கும் ரெண்டு நிறமாத்தான் இருக்கும். உதிர்றது இந்த இழுப்பால மட்டும்தானா, வேற ஏதாவதான்னு டாக்டர்கிட்ட காட்டணும். தினம் முந்நூறு பேருக்குச் சீட்டு குடுக்கறல்ல, உனக்கு ஒண்ணு போட்டுக்கோ."

"அங்க ரொம்பக் கூட்டம்டி" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

மணி அடிக்க மூன்று நிமிடம் இருந்தபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். முடி தாடையோரம் வந்து வந்து நின்றது. இளமையாகத் தெரிந்தாள் என்று எழுத ஆசைதான். அப்படித் தெரியவில்லை. சரியாக நாற்பத்தொன்பது வயது தெரிந்தது. ஆனால் புருவம் இறங்கியிருந்தது. இவ்வளவு நாளும் அந்தப் பின்னல் அவள் நெற்றியையும் சேர்த்து மேலே இழுத்துப் பிடித்திருந்திருக்கிறது.

"பாட்டி மாதிரி இருக்கேனா?" என்று சித்தியிடம் கேட்டாள்.

"இல்ல. எனக்கு அக்கா மாதிரி இருக்கே."

மேடம் வந்து விரலை விட்டு அளந்தாள். இரண்டு பக்கமும் இழுத்துத் தாடையில் சேர்த்துப் பார்த்தாள். பிடரியில் குனிந்து பார்த்தாள். "வெட்டு சரியா இருக்கு" என்றாள். மேடம் இதைவிட நல்ல வார்த்தை யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு கார்டை எடுத்தாள்.

"இப்ப இதைப் பேசுவோம். மாடல் பொய் சொன்னா அது மாணவி தப்பில்லை. அதுக்குத்தான் டெஸ்ட், அதை நீ செஞ்சே. ஆனா கேள்வியைக் கேட்காமலே நிரப்பியிருந்தா வேற விஷயம். அது தலைமை ஆபீஸ் வரைக்கும் போகும்." என் முகத்தைப் பார்த்தாள். "நாலாவது கேள்வியைக் கேட்டியா?"

"கேட்டா" என்றாள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், மூச்சு விடாமல், பன்னிரண்டு வருடப் பழக்கத்தோடு. "ரெண்டு தடவை கேட்டா. நான்தான் இல்லைன்னு சொன்னேன். வெட்கமா இருந்துச்சு. பொண்ணு மேல தப்பு இல்ல."

மேடம் பேனாவை எடுத்தாள். அவ்வளவுதான். ஒரு டிக் விழுந்தால் போதும். நான் பாஸ்.

கண்ணாடியில் அம்மா என்னைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினாள். புதிய முடி அதற்கேற்ப அசைந்தது. ஒரு பொய்யை இறக்கி வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்காக இன்னொன்றைத் தூக்கிக்கொண்டாள்.

"கேட்கலை மேடம்" என்றேன்.

அம்மா, "ஏய்!" என்றாள்.

"பதினேழு பேர்கிட்ட கேட்டேன். அம்மாகிட்ட மட்டும் கேட்கலை. ஒரு கேள்விகூட. பஸ்ல நானே எழுதினேன்."

மேடம் பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். கார்டின் ஓரத்தில் ஏதோ எழுதினாள்; நான் நின்ற இடத்திலிருந்து படிக்க முடியவில்லை. அதைத் தனியாக ஒரு உறையில் போட்டாள்.

"திங்கட்கிழமை வா" என்றாள்.

சித்தியின் வேன் பள்ளியிலேயே நின்றது. மூன்று பேரும் பேருந்து ஏறினோம். கடைசி நீள சீட்டு காலியாக இருந்தது. அம்மா உட்கார்வதற்கு முன் கையைப் பின்னால் கொண்டுபோனாள். பிடிக்க ஒன்றும் இல்லை. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கழுத்தைத் தடவிவிட்டு இறங்கியது.

"லூசு" என்றாள் என்னைப் பார்க்காமல். "கைக்கு வந்ததை உதறிட்டு வர்றா."

"அவ அப்பா மாதிரி" என்றாள் சித்தி.

"அவ அப்பா மாதிரி இல்ல. அந்த மனுஷன் வாயே திறக்க மாட்டார்." அம்மா பையைத் துழாவி ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துச் சித்தியின் மடியில் போட்டாள். நாளைக்கான பொடி. பிரிக்காதது. "எங்கயாவது தூரமாப் போட்டுடு. எங்க வீட்டுக் குப்பைத் தொட்டியில போட்டா நானே எடுத்துடுவேன்."

இரண்டு நிறுத்தம் போயின. பிறகு அம்மா, "சரி, கேளு" என்றாள்.

"என்ன?"

"அந்த எட்டுக் கேள்வி. கேட்கலைன்னு ஊரைக் கூட்டிச் சொன்னல்ல? இப்ப கேளு."

பையில் ஒரு வெற்று கார்டு இருந்தது. எப்போதும் இரண்டு வைத்திருப்பேன். முழங்காலில் வைத்து எழுதினேன். வயது, நாற்பத்தொன்பது. சாயம், உண்டு. உதிர்வு, "வாரினா ஒரு கை நிறைய". மருந்து, மூட்டு வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று. இரண்டாவது எனக்குத் தெரியாது. சித்திக்கும் தெரியாது போலிருக்கிறது, சாவியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். தினமும் முடிக்காக ஒதுக்கக்கூடிய நேரம்? "அஞ்சு நிமிஷம். அதுவும் நீங்க யாரும் கூப்பிடலைன்னா."

"எட்டாவது. உங்கள் முடி எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?"

பதில் வரவில்லை. யோசிக்கிறாள் என்று நினைத்துப் பேனாவைத் தாளில் வைத்தபடியே காத்திருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் விளக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மா தூங்கியிருந்தாள். தலை சித்தியின் தோளில் சாய்ந்திருந்தது. சித்தி அசையாமல், கழுத்தை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு, மடியில் தொப்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எழுப்பாதே" என்று வாயசைத்தாள்.

எட்டாவது கட்டத்தை எதுவும் எழுதாமல் விட்டு, கார்டைப் பைக்குள் வைத்தேன்.